உங்க வீட்டு கீசர் ரிப்பேருக்கா, ரிட்டயர்மென்ட்டுக்கா? உப்புத் தண்ணி ஊர்க்காரர்களுக்கு ஒரு கைடு!

திருப்பூரில் பாய்லர் என்ற சொல் தெரியாதவர்கள் குறைவு. சாயப்பட்டறை, காம்பாக்டிங், ஸ்டீம் அயர்னிங் என்று எங்கே போனாலும் ஏதோ ஒரு மூலையில் நீராவி வேலை செய்துகொண்டிருக்கும். அந்தத் தொழிற்சாலை பாய்லருக்குச் சட்டமே தனியாக இருக்கிறது. 1863-ல் கொல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் இந்தியாவில் பாய்லர் பரிசோதனைச் சட்டங்கள் வரத் தொடங்கின. 1923-ல் நாடு முழுக்க ஒரே சட்டம் வந்தது. 2025-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் பாய்லர் ஓடும்.

சரி, உங்கள் வீட்டு பாத்ரூம் சுவரில் தலைக்கு மேலே தொங்குகிறதே ஒரு குட்டி பாய்லர், அதை யார் கடைசியாகத் திறந்து பார்த்தார்கள்?

அனேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சுடுதண்ணி வருகிற வரை கீசர் ஞாபகத்துக்கு வராது. வராமல் போகும் நாள் பெரும்பாலும் மார்கழிக் காலையாக இருக்கும். அவசரத்தில் சர்வீஸ்காரர் சொன்னதைச் செய்துவிடுவோம். சிலர் 500 ரூபாயில் முடியும் வேலைக்குப் புது கீசர் வாங்குகிறார்கள். சிலர் கழற்றிப் போட வேண்டிய கீசருக்கு மூன்றாவது முறையாக காயில் மாற்றுகிறார்கள். இரண்டிலும் பணம் போகும். இரண்டாவதில் சில நேரம் உயிருக்கும் ஆபத்து உண்டு.

அதனால், எப்போது ரிப்பேர், எப்போது புதுசு என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

நம்ம ஊரில் கீசர் ஏன் சீக்கிரம் போகிறது?

கொங்குப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணி. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. பவானி ஆற்றிலிருந்து வரும் நல்ல தண்ணியை சம்ப்பில் பிடித்து வைத்துச் சிக்கனமாகச் செலவு செய்வோம். பாத்ரூம் பைப் எல்லாம் உப்புத் தண்ணி டேங்கில்தான் இணைந்திருக்கும். கீசரும் அதைத்தான் குடிக்கிறது.

அந்த உப்புக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பாறை நிலத்தில் ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர் இயல்பாகவே கால்சியம், மக்னீசியம் கலந்த கடினத் தண்ணீராக இருக்கும். இன்னொன்று, நாம் எல்லோரும் அறிந்த கதை. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறைய வேண்டும். சுத்திகரிக்காத சாயக்கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, விவசாயிகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும், அதன்பின் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையோடு ஆலைகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஊர் அறிந்தது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

இந்தத் தண்ணீர் கீசரை இரண்டு விதமாகத் தாக்குகிறது. சூடாகும்போது கால்சியம் வெள்ளைப் பாறை மாதிரி காயில் மேல் படிகிறது. மீதி உப்பு, டேங்கின் உலோகத்தை அரிக்கிறது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பாய்லருக்குள் போகும் தண்ணீரை முதலில் சாஃப்ட்னரில் விட்டுக் கடினத்தன்மையை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டு கீசருக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள, டி.டி.எஸ் மீட்டர் மட்டும் போதாது. அது மொத்த உப்பைக் காட்டும். கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, டி.டி.எஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 மற்றும் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். கடினத்தன்மை 600-ஐத் தாண்டினால், கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் ஆயுள் உங்கள் கீசருக்குப் பொருந்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்

ஸ்டோரேஜ் கீசருக்குள் இருப்பவை இவ்வளவுதான்: தண்ணீர் நிற்கும் டேங்க், சூடாக்கும் காயில், சூடு போதும் என்று நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது கெட்டால் கரன்ட்டை வெட்டும் கட்-அவுட், அழுத்தம் கூடினால் திறக்கும் சேஃப்டி வால்வு, ஆனோடு ராடு என்கிற மக்னீசியம் கம்பி.

இந்த ஆனோடு ராடைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. தண்ணீரில் இருக்கும் உப்பு டேங்கை அரிக்காமல் இருக்க, இந்தக் கம்பி தானே கரைந்து டேங்கைக் காப்பாற்றும். தண்ணீரில் உப்பு கூடக் கூட இது வேகமாகக் கரையும். இது முழுக்கத் தீர்ந்த பிறகு, உப்பு டேங்கில் கை வைக்கும்.

மேலே சொன்னவற்றில் டேங்க் தவிர மற்ற எல்லாமே மாற்றக்கூடிய பார்ட்ஸ். டேங்க் போனால் கீசர் போனது என்று அர்த்தம். ரிப்பேரா, புதுசா என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

அறிகுறிகள்: எது எதைச் சொல்கிறது?

1. தண்ணீர் சொட்டுகிறது. எங்கிருந்து என்று பாருங்கள். பைப் இணைப்பில் சொட்டினால் வாஷர் வேலை. கீழே காயில் பொருத்திய தட்டின் ஓரத்தில் சொட்டினால் கேஸ்கட் மாற்றினால் போதும். சேஃப்டி வால்விலிருந்து, கீசர் ஓடும்போது மட்டும் சில சொட்டு வந்தால் அது இயல்பு. தண்ணீர் சூடாகி விரிவதால் வருகிறது. எந்த இணைப்பும் இல்லாத இடத்தில், உடம்பின் அடியிலிருந்தோ சுவர்ப் பக்கத்திலிருந்தோ கசிந்தால் டேங்க் ஓட்டையாகிவிட்டது. எம்-சீல் வைப்பது, வெல்டிங் வைப்பது எல்லாம் வேண்டாம். உள்ளே கரன்ட்டும் அழுத்தமும் இருக்கிறது. மாற்றிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று அதன் வாயில் மூடி போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இது பிரஷர் குக்கரின் வெயிட்டைக் கயிறு போட்டுக் கட்டுவதற்குச் சமம். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நாளில் கைவிட்டால், மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த வால்வுதான்.

2. பழுப்பு நிறத் தண்ணீர். ஒரு வெள்ளை மக்கில் சுடுதண்ணியும், இன்னொன்றில் அதே பாத்ரூமின் பச்சைத் தண்ணியும் பிடித்துப் பாருங்கள். இரண்டுமே பழுப்பு என்றால் குற்றவாளி பழைய ஜி.ஐ பைப்போ மேல் டேங்கோதான். சுடுதண்ணி மட்டும் பழுப்பு என்றால் கீசர் டேங்க் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. கீசருக்கு வயது மூன்று, நான்கு என்றால் ஆனோடு ராடை மாற்றி, உள்ளே கழுவிப் பார்க்கலாம். ஏழெட்டு ஆண்டு ஆகியிருந்தால் செலவு செய்யாதீர்கள்.

3. சடசட, குமுறு குமுறு சத்தம். காயில் மேலும் அடியிலும் உப்புப் படிந்திருக்கிறது. இதற்குப் புது கீசர் தேவையில்லை. திறந்து, படிவை எடுத்து, தேவைப்பட்டால் காயில் மாற்றினால் சரியாகும். ஆனால் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், உப்புக் கவசத்துக்குள் சூடு வெளியேற முடியாமல் காயில் எரிந்துபோகும்.

4. சுடுதண்ணி பத்தலை. முன்பு இரண்டு பேர் குளித்த கீசரில் இப்போது ஒருவருக்கே பத்தவில்லை, ஆனால் லைட் சீக்கிரமே அணைந்துவிடுகிறது என்றால், உப்புப் படிவு தெர்மோஸ்டாட்டை ஏமாற்றுகிறது அல்லது டேங்கில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சர்வீஸ் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

5. சூடாக ரொம்ப நேரம் ஆகிறது. முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் இழுக்கும் கீசர், 180 வோல்ட்டில் அதில் 60 சதவிகிதம் அளவுக்குத்தான் வேலை செய்யும். 18 நிமிட வேலைக்கு அரை மணி நேரம் எடுக்கும். இது கீசரின் தப்பு அல்ல.

6. லைட் அணைவதே இல்லை, குழாயைத் திறந்தால் ஆவி அடிக்கிறது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. உடனே பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் சுவிட்ச்சையோ எம்.சி.பி-யையோ அணைத்துவிட்டு, யாரையும் உள்ளே விடாமல் தானாக ஆறவிடுங்கள். தெர்மோஸ்டாட், கட்-அவுட் இரண்டையும் மாற்றிய பிறகே மறுபடி போட வேண்டும். பழைய மாடல், சேஃப்டி வால்வே இல்லை என்றால் ரிப்பேர் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

7. குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது. இதில் 'லேசா' என்று ஒன்று கிடையாது. ஈர உடம்பில் லேசான ஷாக்கே உயிரை எடுக்கும். காயிலின் மேலுறை அரித்து உள்ளே தண்ணீர் போயிருக்கலாம்; வீட்டு எர்த் சரியில்லாமல் இருக்கலாம். கீசரை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டையும் பாருங்கள். எர்த் சரியில்லாமல் புது கீசர் மாட்டினாலும் ஆபத்து அப்படியேதான் இருக்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்றை போர்டில் போட்டுவிட்டால், கரன்ட் கசிந்த நொடியில் லைனை வெட்டிவிடும்.

ஒரு வாட்ச் போதும்: வீட்டிலேயே டெஸ்ட்

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு இது 18 நிமிட வேலை. 25 லிட்டர் கீசருக்கு சுமார் 1 யூனிட், 30 நிமிடம். கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

காலையில் முதல் ஆளாக கீசரைப் போட்டு, லைட் அணையும் வரை நேரம் பாருங்கள். அதைக் கீசர் மேலேயே மார்க்கரில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நேரம் பாதியாகக் குறைந்து தண்ணியும் பத்தவில்லை என்றால் உப்பு. நேரம் கூடினால் வோல்டேஜ் அல்லது காயில். அணையவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட். சர்வீஸ்காரர் வருவதற்கு முன்பே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

பணக் கணக்கு

டேங்க் நன்றாக இருந்தால் வயதையும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல தண்ணியில் ஓடும் கீசர் 8 முதல் 12 ஆண்டு வரை உழைக்கும். உப்புத் தண்ணியில் அதைவிடக் குறைவு.

ரிப்பேர் செலவு புது கீசர் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்குவது நல்லது. புது கீசர் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயது கீசருக்கு 1,500 ரூபாயில் காயில் மாற்றுவது நியாயம். அதே 1,500 ரூபாயை, போன வருடமும் காயில் மாற்றிய ஒன்பது வயது கீசருக்குக் கொடுத்தால், சாகப்போகும் டேங்குக்குப் புதுச் சட்டை தைப்பது மாதிரி. ஒரே பார்ட் இரண்டு ஆண்டில் இரண்டு முறை போனால், பார்ட்டில் அல்ல, தண்ணீரில் பிரச்னை. அதைச் சரிசெய்யாமல் புது கீசர் வாங்கினாலும் இதே கதைதான்.

வாங்குவதற்கு முன் வாரன்ட்டி கார்டையும் எடுத்துப் பாருங்கள். டேங்குக்கு ஒரு காலம், காயிலுக்கு ஒரு காலம், மொத்த கீசருக்கு ஒரு காலம் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். கீசர் நின்றுபோய் பில்லைத் தூக்கி எறிந்த பிறகு, டேங்குக்கு இன்னும் வாரன்ட்டி இருந்தது என்று தெரிந்து வருந்துபவர்கள் நிறைய.

வாடகை வீடா? இதைப் படியுங்கள்

வேலைக்காக வந்து குடியிருப்பவர்கள் நிறைந்த ஊர் இது. 'கீசர் போச்சுங்க' என்று சொன்னால், 'நீங்கதானே யூஸ் பண்ணுனீங்க' என்ற பதில் வருவது வழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்த வேலை யாருடையது என்று பிரிக்கிறது. மின் ஒயரிங், பைப் மாற்றுவது போன்றவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச் வரிசையில் கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும்.

ஆகவே, குடிபோகும்போதே கீசரின் வயதைக் கேளுங்கள். டேங்க் ஓட்டையானால் மாற்றுவது யார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். எர்த் சரியில்லை என்றால் அது ஒயரிங் விஷயம்; வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

லைன் வீடுகளில் கீசரே இருக்காது. பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பிதான். அதற்கும் ரிட்டயர்மென்ட் உண்டு. கம்பியில் வெடிப்பு, புள்ளிப் புள்ளியாக அரிப்பு, கைப்பிடி உருகல், ஒயர் தளர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு ஒயரைச் சொருகாதீர்கள். தண்ணி சூடாகிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பதற்கு முன் சுவிட்ச்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில், கம்பி போட்ட பக்கெட்டை விட்டு நகரவே கூடாது.

மாற்றுவது என்று முடிவானால்...

போனஸ் பணம் கையில் இருக்கும்போது கடையில் கலரையும் ஆஃபரையும் மட்டும் பார்க்காதீர்கள்.

* ஐ.எஸ்.ஐ முத்திரையும் அதன் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று கடையிலேயே பார்க்கலாம்.
* உப்புத் தண்ணி என்று சொல்லிக் கேளுங்கள். கண்ணாடிப் பூச்சு போட்ட டேங்க், இன்கலாய் காயில் கொண்ட மாடல்கள் கடினத் தண்ணீரைக் கூடுதலாகத் தாங்கும். தண்ணீரில் குளோரைடு அதிகம் என்றால் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கிலும் ஊசித்துளை விழும்.
* ஆனோடு ராடு உள்ளூரில் கிடைக்குமா, சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.
* வாரன்ட்டியில் தண்ணீரின் கடினத்தன்மைக்கு வரம்பு போட்டிருக்கிறார்களா என்று பொடி எழுத்தைப் படியுங்கள்.
* நட்சத்திரக் குறியீடு, தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாறாமல் இருக்கும் என்பதைப் பொறுத்தது. போட்டு அணைத்துக் குளிக்கும் வீட்டைவிட, நாள் முழுக்கப் போட்டு வைக்கும் வீட்டுக்குத்தான் இதில் லாபம் அதிகம்.
* மாடியில் சோலார் ஹீட்டர் யோசிப்பவர்கள், கண்ணாடிக் குழாய்க்குள் நேரடியாக உப்புத் தண்ணி போனால் அங்கேயும் படியும் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் தனிச் சுற்றில் சூடாகும் 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' மாடலைக் கேளுங்கள்.
* கேஸ் கீசர் என்றால் அதை பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து இறந்த சம்பவங்கள் நம் நாட்டில் தொடர்ந்து நடக்கின்றன.

ஆயுளைக் கூட்ட ஐந்து பழக்கங்கள்

1. முடிந்தால் கீசரின் லைனை மட்டும் நல்ல தண்ணி டேங்கோடு இணைத்துவிடுங்கள். ஓர் ஆள் குளிக்கத் தேவைப்படும் சுடுதண்ணி ஒரு பக்கெட்தான். பிளம்பருக்கு ஒரு நாள் வேலை. கீசருக்குப் பல வருட ஆயுள்.
2. சூட்டை 50 முதல் 55 டிகிரியில் வையுங்கள். சூடு கூடக் கூட உப்பு அதிகம் படியும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில், 60 டிகிரிக்கு மேல் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். வாரம் ஒருமுறை மட்டும் 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் கிருமிகள் தங்காது.
3. உப்புத் தண்ணி வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கழுவச் சொல்லுங்கள். ஆனோடு ராடை வெளியே எடுத்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். நடுவில் உள்ள கம்பி தெரிந்தால் மாற்றும் நேரம். காயில் மட்டும் மாற்றிவிட்டு ராடைக் கண்டுகொள்ளாமல் போகும் சர்வீஸ் பாதி சர்வீஸ்தான்.
4. மேல் டேங்க் காலியான நாளில், சுடுதண்ணிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டே சுவிட்ச் போடுங்கள். வெறும் டேங்கில் ஓடினால் காயில் நிமிடங்களில் எரியும்.
5. கீசருக்குப் பாதுகாப்பு ஃபில்டர் மாட்டியிருந்தால் உள்ளே இருக்கும் உப்புக்கட்டிகளை கம்பெனி சொன்ன காலத்தில் மாற்றுங்கள். தீர்ந்துபோன ஃபில்டர் வெறும் டப்பாதான்.

இன்றைக்கே செய்ய 10 நிமிட வேலை

பில்லைத் தேடி, வாங்கிய தேதியை கீசர் மேல் எழுதுங்கள். அடியில் கையால் தடவி ஈரம் இருக்கிறதா பாருங்கள் (முதலில் சுவிட்ச்சை அணைத்துவிட்டு!). வெள்ளை மக்கில் சுடுதண்ணி பிடித்து நிறம் பாருங்கள். சேஃப்டி வால்வு இருக்கிறதா, அதன் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கிறதா, பிளக் கருகியிருக்கிறதா பாருங்கள். இதில் ஒன்று தவறாக இருந்தாலும், சரிபார்த்த பிறகு சுடுதண்ணி போடுங்கள். அதுவரை அடுப்பில் ஒரு குண்டா தண்ணி வைத்துக்கொள்ளலாம்.